நீந்தத் தெரியுமா என்பதல்ல கேள்வி

“நாய்க்கு யாராவது நீச்சல் சொல்லித் தருவாங்களா சார்? மீன் குஞ்சு மாதிரிதான் அதுவும்.” கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை கயாக் செலுத்த வருகிறவர் யாரிடமாவது, கூட்டி வந்த நாயைக் கரையிலேயே விட்டுப் போகச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பதில் கட்டாயம் வரும். பின்னாலேயே மற்றவையும் வரும்: நாய்க்குத் தண்ணீர் என்றால் உயிர், லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டால் பயமில்லை, வீட்டில் பூட்டிவிட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல், அதன் முகத்தைப் பாருங்கள், சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது.

இதையெல்லாம் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. நாயின் மேல் கொள்ளைப் பிரியம் உள்ளவர்கள். அதனால்தான் இந்தப் பேச்சை யாரும் மறுப்பதில்லை. முட்டுக்காடு, கோவளம் பக்கம் தொடங்கி, வனத்துறையே கயாக் விடுகிற காரங்காடு வரை இந்த விளையாட்டு பரவிவரும் நேரத்தில், நாயோடு படகில் போவது நாய்க்குச் செய்யும் உபகாரம் என்ற எண்ணமும் கூடவே பரவுகிறது. நான் நாய் வளர்க்கிறவன், துடுப்பும் போடுகிறவன். இந்த எண்ணம் அடிமுதல் நுனிவரை தவறு என்று சொல்கிறேன்.

முதலில் நீச்சல். எல்லா நாயும் நீந்தும் என்பதே உண்மையல்ல. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குத் தரையில் மூச்சு விடுவதே பாடு. தண்ணீரில் மூக்கை மேலே தூக்கினால் உடம்பின் பின்பாதி அமிழ்ந்துவிடும். டாக்ஸ்ஹண்டின் குட்டைக் கால்கள் அந்த நீளமான உடம்பைத் தள்ளப் போதாது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் துரத்தப் பிறந்தவை. எலும்பும் தசையுமாக, ஒட்டிய வயிறோடு இருக்கும் அந்த உடம்பில் மிதக்க உதவும் கொழுப்பு ஏது? ஆனால் இதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. உங்கள் நாய் அருமையாக நீந்தும் என்றே வைத்துக்கொள்வோம். கயாக் விஷயத்தில் அந்தத் திறமையால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. தண்ணீர் பிடித்த நாய்க்குப் பிடித்திருப்பது தண்ணீர்தான், படகல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

பெசன்ட் நகர்க் கரையில் விடியற்காலையில் அலையோடு விளையாடும் நாயைக் கவனித்திருப்பீர்கள். அலை வரும்போது குரைத்துக்கொண்டே பின்வாங்கும், வடியும்போது துரத்தும். போதும் என்று தோன்றினால் ஈர மணலில் போய்ப் படுத்துவிடும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது. அந்த உரிமைதான் அதன் குதூகலத்துக்குக் காரணம். கயாக்கில் ஏறிய நொடியே அந்த உரிமை போய்விடுகிறது. இறங்க வேண்டும் என்றால் ஆழத்தில் குதிக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

இனி படகைப் பார்ப்போம். வாடகைக்குக் கிடைக்கும் திறந்த மேல்தள கயாக்கின் அகலம் பெரும்பாலும் 75 முதல் 85 சென்டிமீட்டர். அதில் மனிதன் தாழ்வாக உட்காருகிறான். அவனுடைய எடை முழுவதும் இடுப்பில், நீர்மட்டத்தை ஒட்டி இருப்பதால்தான் படகு நிற்கிறது. நாய் நிற்கிறது. 30 கிலோ லாப்ரடாரின் எடை முழுவதும் நான்கு கால்களுக்கு மேலே இருக்கிறது. கால்களுக்குக் கீழே நனைந்த பிளாஸ்டிக். நகம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு கொக்கு எழுந்தால் நாய் திரும்பும். திரும்பினால் எடை ஒரு பக்கம் சாயும். நீங்கள் பதறி எதிர்ப்பக்கம் சாய்வீர்கள். அதற்குள் அது மீண்டும் இந்தப் பக்கம் வந்திருக்கும்.

கவிழ்ந்த பிறகுதான் பெரும்பாடு. கயாக் கவிழ்வது சாதாரணம், அதற்குப் பயிற்சி இருக்கிறது. படகைப் புரட்டி நேராக்கி, வயிற்றை மேல்தளத்தில் போட்டுக் கால்களை உதைத்து ஏறி, உருண்டு உட்கார வேண்டும். உடல் வலு உள்ளவர்களுக்கே இது முதல் தடவையில் வராது. நாயால் இதைச் செய்யவே முடியாது. மிதந்துகொண்டிருக்கும் உங்களுக்குக் காலூன்ற இடமில்லை. அந்த நிலையில் நனைந்து கனத்த 30 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கிப் படகில் வைக்க வேண்டும். வைத்தாலும் நீங்கள் ஏறும்போது அது மறுபடி விழும். நடுவில் நாய் சும்மா இருக்காது. பயந்த நாய் கண்ணில் படும் உயரமான பொருளின் மேல் ஏறப் பார்க்கும். தண்ணீரில் அதன் கண்ணில் படும் உயரமான பொருள் உங்கள் தலை. நன்றாக நீந்தும் நாய் உங்களிடம் இன்னும் வேகமாக வந்துசேரும், அவ்வளவுதான். முன்னங்கால் நகங்கள் தோளிலும் கழுத்திலும் கீறும். அதன் எடை உங்களை அமுக்கும். ஒரு கையில் படகு, ஒரு கையில் துடுப்பு, நாயைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்பார்கள். மாட்டத்தான் வேண்டும், மிதக்க வைக்கும். ஆனால் மனிதர்களுடைய ஜாக்கெட்டைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்கக் கடலோரக் காவல்படைகூட நாய் ஜாக்கெட்டுகளுக்குச் சான்று தருவதில்லை. விற்கிறவன் சொல்வதுதான் தரம். அதன் முதுகில் உள்ள கைப்பிடி, ஆடாத படகின் மேல் நிற்கிற ஒருவர் குனிந்து தூக்குவதற்குப் பயன்படும். நீங்களே தண்ணீரில் கிடக்கும்போது அதைப் பிடித்து எதைத் தூக்குவீர்கள்? சிலர் நாய் குதித்துவிடக் கூடாதென்று கழுத்துப்பட்டைக் கயிற்றைப் படகிலேயே கட்டிவிடுகிறார்கள். இதைவிடப் பயங்கரமான காரியம் கிடையாது. கவிழ்ந்த படகுக்கு அடியில் அந்தக் கயிறு நாயை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். மூடிய அறையுள்ள கயாக்கில் இரண்டு தொடைகளுக்கும் நடுவே நாயை உட்கார வைப்பவர்களும் உண்டு. கவிழ்ந்தால் மனிதன் வெளியேற இருக்கும் ஒரே வாசலை அந்த நாய் அடைத்துக்கொண்டிருக்கும்.

பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ., நாய் கடலில் சிக்கினால் அதன் பின்னால் இறங்காதீர்கள் என்று மக்களிடம் சொல்லிவருகிறது. நாய் பெரும்பாலும் தானே கரையேறிவிடும். அதைக் காப்பாற்றப் போனவர்தான் மாட்டிக்கொள்வார். கரையில் நிற்கிறவருக்கே இந்த எச்சரிக்கை. கழிமுகத்தில், வத்தத்தில் நீர் கடலை நோக்கி இழுக்கும் நேரத்தில், நாயோடு சேர்ந்து விழுந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். நாய் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் போகும். தன் நாயை விட்டுவிட்டுப் படகைப் பிடிக்கிற மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் பிடிக்க வேண்டியது படகைத்தான்.

“காலங்காலமா படகுல நாய் போகலையா?” என்று கேட்பார்கள். போயிருக்கிறது. போர்ச்சுகல் மீனவர்களின் நாய்கள் மீனை வலைக்குள் விரட்டின, படகுக்குப் படகு சேதி கொண்டு போயின. இத்தாலியக் கடற்கரைகளில் மூழ்குகிறவர்களை இழுத்து வரப் பழக்கப்பட்ட நாய்கள் இன்றும் வேலை செய்கின்றன. லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு இருந்தவை. இவை வேலைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை, குட்டியிலிருந்து பழக்கப்பட்டவை. அவை போன படகுகள் அகலமானவை. நியூஃபவுண்ட்லாந்தின் கடல் உறையும் குளிர். அந்தக் குளிரைத் தாங்கத்தான் லாப்ரடாருக்கு எண்ணெய்ப் பசையோடு இரட்டை அடுக்கு மயிர். வங்கக்கடலின் மேல்நீர் வருடத்தில் பெரும்பகுதி 28, 29 டிகிரியில் நிற்கிறது. ‘லாப்ரடார் தண்ணிக்குன்னே பிறந்த நாய்’ என்கிறவர்கள் எந்தத் தண்ணீருக்கு என்று கேட்டுக்கொள்வதில்லை.

வரலாற்றில் பெயர் பெற்ற படகு நாய் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். 1803இல் மெரிவெதர் லூயிஸ் 20 டாலர் கொடுத்து சீமன் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாயை வாங்கினார். கிளார்க் என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய ஆய்வுப் பயணத்தில், அமெரிக்க ஆறுகளில் அது படகில் போனது. ஓஹையோ ஆற்றில் நீந்திக் கடந்த அணில்களைப் பிடித்து வந்த அளவுக்கு அபாரமான நீச்சல். 1805 மே மாதம், சுடப்பட்ட பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கு ஒன்றைப் பிடித்துவர அதே நீச்சலில் போனது. பீவர் அதன் பின்னங்காலைக் கடித்து ரத்தக்குழாயைத் துண்டித்துவிட்டது. ரத்தத்தை நிறுத்தவே லூயிஸ் படாதபாடு பட்டார்; பிழைக்காது என்றே நினைத்தார். நன்றாக நீந்தத் தெரிந்ததால்தான் சாவின் விளிம்புவரை போய் வந்தது அந்த நாய்.

இதற்கு நேர் எதிரான நாய் ஒன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சான் யுவான் தீவுகளைச் சுற்றியுள்ள கடலில், ஓர்க்கா திமிங்கிலங்களின் மிதக்கும் எச்சத்தை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துத் தந்தது டக்கர் என்ற கறுப்பு லாப்ரடார் கலப்பு நாய். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாசர் நடத்திய ஆய்வுக்காக அது உழைத்தது. டக்கருக்குத் தண்ணீரில் இறங்கவே பிடிக்காது. நின்று நடக்க இடமுள்ள மோட்டார் படகின் முனையில் அது நிற்கும். அதன் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதைப் பழக்கியவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்தால் பந்து கிடைக்கும். நாயைப் படகில் ஏற்றலாமா என்பதற்கு நீச்சல் அளவுகோலே அல்ல என்று காட்ட டக்கரைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதற்கு நிற்க இடம் இருந்தது, புரிந்த ஒரு வேலை இருந்தது, தன்னையே கவனிக்கிற ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தார். துடுப்புப் போடுகிறவரால், முன்னால் இருக்கும் நாயின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது.

இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மேல் இருவர் செலுத்தும் கயாக் ஒன்று கரை சேர்ந்தது. முன்னால் ஒரு பெண், பின்னால் அவர் கணவர், நடுவில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பொன்னிற லாப்ரடார். கரையிலிருந்து பார்த்த எனக்கு நாயின் முகம் நேராகத் தெரிந்தது. வாய் காதுவரை விரிந்திருந்தது. நாக்கு நீண்டு, நுனி அகப்பை போல அகலமாகி, ஓரங்கள் மேலே மடிந்திருந்தன. காதுகள் பின்னால் ஒட்டிக் கிடந்தன. ஓரக்கண்ணால் பார்க்கும்போது விழியின் வெள்ளை பிறை வடிவில் தெரிந்தது. தூக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டது. படகு தரை தட்டும் முன்பே குதித்தது. முன்னங்கால்கள் வழுக்கி, தாடை படகின் விளிம்பில் மோதியது. ஓடிப்போய் ஒரு பெட்டிக்கடையின் நிழலில், ஈரமண்ணில் வயிறு படப் படுத்தது. “பாருங்க, எவ்ளோ ஜாலியா இருந்தான், சிரிச்சிட்டே வந்தான்” என்றார் அவர், மனசாரத்தான். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினார். நாய் குடிக்கவில்லை, மூச்சிரைப்பதை நிறுத்த அதனால் முடியவில்லை.

அது சிரிப்பல்ல. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் சதைத் திட்டுகளில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்து நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். நம் கடற்கரையில் காலை நேர ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருப்பது வழக்கம். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் அது வெப்ப அதிர்ச்சி, உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். சாதாரண வெப்பத்தின் மேல் அளவிலிருந்து இடைவெளி இரண்டு டிகிரிக்கும் குறைவு. தலைக்கு மேல் நேர் வெயில், தண்ணீரிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில், கீழே சூடேறிய பிளாஸ்டிக், உடம்பைச் சுற்றிக் கனமான நுரை ஜாக்கெட். எங்கும் நிழல் இல்லை. மனிதனுக்கு இது தெரிவதில்லை, ஏனென்றால் அவனுக்கு வியர்க்கிறது, மேலே காற்றுப் படுகிறது, சுகமாக இருக்கிறது. முற்பகல் முற்றக் கடற்காற்று எழும்பும். அது எதிர்க்காற்றாக வாய்த்தால் திரும்ப ஆகும் நேரம் இரட்டிக்கும். தனக்குச் சுகமான காற்று நாய்க்கும் சுகம் என்று நினைத்துக்கொண்டே அவன் துடுப்பைப் போடுவான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாகத்தில் நாய் எதையும் நக்கும். கடல்நீரை அதிகம் குடித்தால் உப்பு ஏறி வாந்தி, பேதி, முற்றினால் வலிப்பு. உப்பங்கழி நீர் கடலைவிட உப்புக் குறைவு என்று ஆறுதல்படாதீர்கள். சென்னையின் கழிவைச் சுமந்துவரும் பக்கிங்ஹாம் கால்வாய் முட்டுக்காட்டுக் கழியில்தான் வந்து சேர்கிறது. எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக் காய்ச்சல் நாயையும் தாக்கும், நாயிடமிருந்து வீட்டுக்கும் வரும். ஏரிகளில் பச்சையாகப் படரும் நீலப்பச்சைப் பாசி இன்னும் மோசம். டெக்சஸில் ஆஸ்டின் நகரின் லேடி பேர்ட் ஏரி, நாயோடு துடுப்புப் போடுகிறவர்களுக்குச் சொர்க்கம் என்று பெயர் வாங்கிய இடம். 2019 ஆகஸ்டில் அங்கே தண்ணீரில் விளையாடிய நாய்கள் அடுத்தடுத்து இறந்தன. சோதித்தபோது பாசியில் நரம்பு நஞ்சு இருந்தது. அந்த நாய்களுக்கும் நீந்தத் தெரியும்.

அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பற்றி இந்தப் பேச்சில் யாரும் வாயே திறப்பதில்லை. கயாக்கின் பெருமையே சத்தமில்லாமல், தாழ்வாக, மோட்டார் படகு போக முடியாத ஓடைக்குள் போவதுதான். அலையாத்திக் காட்டின் ஓடைகளிலும், வத்தத்தில் தலைகாட்டும் சேற்றுத் திட்டுகளிலும், அக்டோபர் முதல் மார்ச் வரை வலசை வந்த உள்ளான்கள் இரை தேடுகின்றன. திரும்பிப் பறக்க அவை கொழுப்புச் சேர்த்தாக வேண்டிய காலம் அது. பறவைக்கு நாய் வேட்டை மிருகம். ஜாக்கெட் போட்டிருந்தாலும் வேட்டை மிருகம்தான். சிட்னி அருகே காட்டுப் பாதைகளில் நடந்த, 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கயிற்றில் கட்டிய நாயை நடத்திக்கொண்டு போன இடங்களில் பறவை வகைகள் 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. குரைத்து விரட்டிய நாய்கள் அல்ல, கயிற்றோடு நடந்த நாய்கள். கயாக்கை ஆளில்லாத கரையில் ஒதுக்கி நாயைக் காலாற விடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், இரவெல்லாம் தன்னார்வலர்கள் நடந்து கூடுகளைக் காப்பாற்றுவது நாய்களிடமிருந்தும்தான். கொள்ளிடக் கரையோரமாகப் போகிறவர்களுக்கு முதலையை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

மிச்சம் இருப்பது மனதைத் தொடுகிற வாதம். வாரம் முழுக்க அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடக்கிற நாயை ஞாயிற்றுக்கிழமையும் தனியாக விடுவதா? இதைக் கேட்கிறவரின் குற்ற உணர்ச்சி எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்க நடந்த குறையை ஞாயிற்றுக்கிழமை படகில் ஏற்றி ஈடுகட்ட முடியாது. வளர்ந்த, ஆரோக்கியமான, பழகிய நாய்க்கு நான்கைந்து மணி நேரத் தனிமை ஒரு தூக்கம். அந்தத் தனிமையையும் தாங்க முடியாமல் கதவைக் கீறி ஊளையிடும் நாய்க்கு உள்ளது மருத்துவம் பார்க்க வேண்டிய பதற்றம். அது நடுக்கழியில் தீராது. நாய்க்கு வேண்டியது மண். விடிவதற்குள் எழுந்து, அவசரப்படுத்தாமல், அது நின்று மோந்த இடத்திலெல்லாம் நீங்களும் நின்று, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வீட்டில் படுக்க வைத்துப் போங்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாதவர், நாய்க்காகத்தான் படகில் ஏற்றுகிறேன் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பூனையையும் கயாக்கில் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். தன் எல்லையை விட்டுப் பெயர்ந்தாலே ஒடுங்கிப்போகும் பிராணி அது. அதைப் பற்றி வாதிடவே எனக்கு மனம் வரவில்லை.

எந்த நாயுமே, எந்த நாளுமே கூடாதா? மிகச் சில நாய்களுக்கு, மிகக் கொஞ்ச நேரத்துக்கு, முடியும். அதற்கு முன்னால், வீட்டுத் தரையிலோ மணலிலோ வைத்த படகில் நாய் தானாக ஏறிப் படுக்கப் பல வாரம் பழகியிருக்க வேண்டும். இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, நாயும் நீங்களும் எப்படி மீள்கிறீர்கள் என்று பார்த்திருக்க வேண்டும். கூட இன்னொரு படகில், கை கொடுக்கத் தெரிந்தவர் வர வேண்டும். காலை ஏழரைக்குள் கரையேறிவிட வேண்டும். கால் எட்டும் ஆழத்தைத் தாண்டக் கூடாது, பறவைத் திட்டுகளின் பக்கமே போகக் கூடாது. படகை நீரில் இறக்கும்போது நாய் ஒரு அடி பின்வாங்கினால் அன்றைய பயணம் அத்தோடு சரி. இத்தனைக்கும் தயாராக இருக்கிறவர்கள் இதுவரை என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.

கயாக் வாடகைக்கு விடுகிற தொழில் செய்கிறவர்களிடம்தான் கடைசியாகக் கேட்கிறேன். ‘செல்லப்பிராணிகளையும் அழைத்து வாருங்கள்’ என்று விளம்பரம் செய்கிறீர்கள். நாயோடு கவிழ்ந்தால் எப்படி மீட்பது என்று உங்கள் பயிற்சியாளர்களில் எத்தனை பேர் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்? கூடவரும் மீட்புப் படகில் நாயைத் தூக்கி வைக்க இடம் உண்டா? வெயில் தாக்கிய நாயைக் கொண்டுபோக அருகில் எந்தக் கால்நடை மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பார் என்று உங்கள் கல்லாவில் உட்காரும் பையனுக்குத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிக் கரையில் மாட்டுங்கள். அதுவரை அந்த விளம்பரப் பலகையைக் கழற்றி உள்ளே வையுங்கள்.